துடுப்பும் பனிச்சறுக்கும்: ஒன்று பழகினால் மற்றது பாதி வந்துவிடும்

டர்பனில் பனி விழாது. ஜூலையில் டிராக்கன்ஸ்பெர்க் மலை வெள்ளை போர்த்தி நிற்பதைப் பார்க்கப் போவோம், லெசோத்தோவில் 3000 மீட்டருக்கு மேல் ஆஃப்ரிஸ்கி என்ற சறுக்கு மையம் இருக்கிறது, பனிச்சறுக்கோடு நமக்குள்ள பழக்கம் அவ்வளவுதான். ஆனால் ஜிம்மில், உட்கார்ந்து துடுப்பு வலிப்பது போல் இழுக்கும் ரோயிங் மெஷினுக்குப் பக்கத்தில், மேலிருந்து இரண்டு கயிறு தொங்க, ஒரு உயரமான கருவி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது ஸ்கீஎர்க். ஆஃப்ரிஸ்கியில் சரிவில் வழுக்கி இறங்குகிறார்களே, அந்த வகை இல்லை இது. சமதளப் பனியில் இரண்டு கோலையும் ஊன்றித் தள்ளிக்கொண்டு போகும் வகை. அதுதான் துடுப்பு வலிப்பதற்கு நெருங்கிய உறவு.

கான்செப்ட்2 என்ற அமெரிக்க நிறுவனம் 1981இல் ரோயிங் மெஷினையும் 2009இல் ஸ்கீஎர்க்கையும் கொண்டு வந்தது. இரண்டிலும் உள்ளே இருப்பது ஒரே மாதிரி காற்றாடிச் சக்கரம்தான், நீங்கள் வேகமாக இழுக்க இழுக்க அதுவும் கனத்துக்கொண்டே போகும். திரையில் 500 மீட்டருக்கு எத்தனை நிமிடம் என்று காட்டுவதும் இரண்டுக்கும் பொது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இரண்டிலும் கை வெறும் கொக்கி. பெரிய தசை முதலில், கை கடைசியில். இந்த ஒன்று பிடிபட்டால் போதும். முதல் மூன்று மாதம் நான் கையால்தான் இழுத்தேன், 10 நிமிடத்தில் முன்கை கல்லாகி நடு முதுகு பிடித்துக்கொள்ளும், ஆனால் காலுக்கு வேலையே இருக்காது.

ரோயிங்கில் உட்கார்ந்ததும் கால் பட்டையைப் பாதத்தின் அகலமான பகுதியில் இறுக்குங்கள். முன்னால் போகும்போது கீழ்க்கால் நேராக நின்றால் சரி, அதற்கு மேல் நெருக்கிக்கொண்டு போக வேண்டாம். கை நீண்டபடியே இருக்கட்டும், காலால் தள்ளுங்கள். கால் நீண்டு முடியும் நேரத்தில் இடுப்பிலிருந்து உடம்பு கொஞ்சம் பின்னால் சாயும். அப்புறம்தான் கை மடங்கி, கைப்பிடி விலாவின் அடிப்பக்கம் வரும். ஈஸ்டர் விடுமுறையில் நம் கடற்கரையில் தேர் வடம் பிடிக்கிறவர்களைப் பாருங்கள், யாரும் கையை மடக்கி இழுப்பதில்லை, காலை ஊன்றி உடம்பைச் சாய்க்கிறார்கள். அதேதான் இது. திரும்பும்போது தலைகீழ் வரிசை: கை, உடம்பு, கால். இழுக்க ஒரு பங்கு நேரம், திரும்ப இரண்டு பங்கு. திரும்பும் அந்த நேரம்தான் மூச்சு வாங்க, அதை அவசரப்படுத்தாதீர்கள். நிமிடத்துக்கு 20 முதல் 24 இழுப்பு போதும்.

ஸ்கீஎர்க்கை நின்றுகொண்டு செய்ய வேண்டும், இது கிணற்றுக் கப்பியில் தண்ணீர் இறைப்பது மாதிரி. கைப்பிடி முகத்துக்குச் சற்று மேலே, முழங்கை லேசாக மடங்கி. வயிற்றை இறுக்கி இடுப்பில் மடங்குங்கள், உங்கள் எடை கயிற்றின் மேல் விழட்டும், முழங்காலும் கூடவே லேசாக மடங்கும், கை நீண்டு தொடையைத் தாண்டுவது கடைசியில். பிறகு இடுப்பை நிமிர்த்தி எழுந்து கையை மேலே கொண்டு போங்கள். இங்கே இழுப்பு அடிக்கடி வரும், நிமிடத்துக்கு 30க்கு மேல் போனாலும் தப்பில்லை. முதுகை வில்லாக வளைத்துக் குனிவதுதான் இங்கே நடக்கும் பெரிய தப்பு.

ஆக, ரோயிங்கில் கால் தொடங்கும், சறுக்கலில் வயிறு தொடங்கும். விலாப்புறத் தசையும் நடு உடம்பும் இரண்டிலும் உழைக்கின்றன, மூச்சும் ஒரே மாதிரி வாங்கும், குதித்துத் தரையில் விழும் அதிர்ச்சி இரண்டிலும் கிடையாது. என் பெரியம்மாவுக்கு முழங்காலை ரொம்ப மடக்க முடியாது, அதனால் அவர் ஸ்கீஎர்க் மட்டும் செய்கிறார். தோள்பட்டை தூக்க முடியாதவர்களுக்கு ரோயிங் நல்லது.

சக்கரத்துக்குள் எவ்வளவு காற்று போக வேண்டும் என்று மாற்றும் டேம்பர் எண்ணை 10இல் வைத்தால்தான் உடற்பயிற்சி என்று நினைப்பவர்கள் நிறைய. வேண்டாம், 3 முதல் 5க்குள் வையுங்கள்.

தொடங்குகிறவர்கள் வாரம் மூன்று நாள் வந்தால் போதும். ஒரு நாள் ரோயிங் 15 நிமிடம், பேச முடிகிற வேகத்தில். ஒரு நாள் ஸ்கீஎர்க், 1 நிமிடம் இழுத்து 1 நிமிடம் ஓய்வு, எட்டு முறை. மூன்றாம் நாள் 500 மீட்டர் இதில், 500 மீட்டர் அதில், மாற்றி மாற்றி மூன்று சுற்று. இரண்டுமே இழுக்கும் வேலை என்பதால் மார்புக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது, கடைசியில் சுவரில் கை ஊன்றியாவது தண்டால் எடுங்கள்.

வேகத்தை எப்படிப் பங்கிடுவது என்று தெரிய வேண்டுமானால் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் லைட்வெயிட் நால்வர் துடுப்புப் படகு இறுதிப் போட்டியைப் பாருங்கள். நம் மாகாணத்து நியூகாசலில் பிறந்த சிஸ்வே இந்த்லோவு இருந்த தென்னாப்பிரிக்கப் படகு, 2000 மீட்டரில் கடைசிப் பகுதிவரை பின்னால் இருந்து, முந்தி வந்து தங்கம் வாங்கியது. ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

டர்பன் புழுக்கத்தில் வியர்வை ஆறாக ஓடும், தண்ணீர் கையோடு இருக்கட்டும். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். காவடிக்கு விரதம் இருக்கும் நாட்களில் நேரத்தைப் பாதியாக்கி, ரோயிங்கை மட்டும் மெதுவாகச் செய்யுங்கள்.