அமெரிக்க ஓட்டல் அறை: கடைசி பில் எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே கண்டுபிடிப்பது எப்படி?

லாஸ் வேகஸில் பெரிய ஓட்டல்கள் வரிசையாக நிற்கும் ஸ்ட்ரிப் சாலையில் ஓர் அறை, ஓர் இரவுக்கு 89 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஓட்டலின் ரிசார்ட் ஃபீ, அதாவது குளம், வைஃபை போன்ற வசதிகளுக்கென்று வாடகைக்கு மேல் கட்டாயமாக வசூலிக்கும் தொகை, 50 டாலர். இரண்டும் சேர்ந்து 139. அதன்மேல் 13.38 சதவீத அறை வரி, 18.60. ஆக, நீங்கள் கட்டப்போவது 157.60 டாலர். ரிசார்ட் ஃபீக்கும் வரி உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 50 டாலர் என்று எழுதியிருக்கும் கட்டணம் கையைவிட்டுப் போகும்போது 56.69 ஆகியிருக்கும். நான்கு இரவு தங்கினால் இந்த ஒரு கட்டணத்துக்கு மட்டுமே ஏறக்குறைய 227 டாலர்.

முன்பெல்லாம் அந்த 89 டாலர்தான் பெரிய எழுத்தில் வரும். மற்றதெல்லாம் கார்டு எண் கேட்கும் பக்கத்திலோ, ஓட்டலின் வரவேற்பு மேசையிலோதான் தெரியும். 2025 மே 12 முதல் அமெரிக்காவில் அப்படி விலை போடக் கூடாது. வாடிக்கையாளர் நலனைக் காக்கும் மத்திய அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷனின் விதி அன்று நடைமுறைக்கு வந்தது. ஓட்டல், மோட்டல், வாடகைக்கு விடப்படும் வீடு என்று எதுவானாலும், தவிர்க்க முடியாத கட்டணங்களை எல்லாம் சேர்த்த மொத்த விலையைத்தான் முதலில், மற்ற எந்த விலையையும் விட எடுப்பாகக் காட்ட வேண்டும். ஓட்டலின் சொந்தத் தளத்துக்கும், இடையில் நின்று விற்கும் புக்கிங் தளங்களுக்கும், டிராவல் ஏஜென்ட்டுகளுக்கும் இது பொருந்தும்.

ஆனால் விதி தடுத்தது மறைப்பதை மட்டும்தான், வசூலிப்பதை அல்ல. ரிசார்ட் ஃபீ இன்றும் இருக்கிறது. அதை எவ்வளவு வேண்டுமானாலும் வைக்கலாம், முதலிலேயே சொல்லிவிட்டால் போதும். தவிர, இரண்டு வகைத் தொகைகளை அந்த மொத்த விலையில் சேர்க்க வேண்டிய கட்டாயம் இல்லை: அரசு வரிகள், நீங்களாக விரும்பி எடுக்கும் வசதிகள். பணம் கேட்பதற்கு முன் இவற்றைச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். இன்று பில் எகிறுவது பெரும்பாலும் இந்த இரண்டு வழிகளில்தான்.

ரிசார்ட் ஃபீ ஏன் வந்தது?

தேடல் பட்டியலில் மலிவானது மேலே வரும். வாடகையைக் குறைத்து, குறைத்ததைக் கட்டணமாகப் பின்னால் ஒட்டினால் அதே ஓட்டல் பட்டியலில் நாலைந்து இடம் மேலே ஏறும். இன்னொரு காரணம் கமிஷன். புக்கிங் தளங்களுக்கு வாடகையில் ஒரு பங்கு போய்விடும். ஓட்டலே நேரடியாக வசூலிக்கும் ரிசார்ட் ஃபீ முன்பெல்லாம் பொதுவாக அந்தக் கணக்கில் வராமல் இருந்தது. 2012 நவம்பரிலேயே 22 ஓட்டல் நிறுவனங்களுக்கு ஃபெடரல் டிரேட் கமிஷன் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. 2017 ஜனவரியில் அதன் பொருளாதாரப் பிரிவு, கட்டணத்தைப் பிரித்துக் காட்டுவது வாடிக்கையாளருக்குக் கேடு என்று அறிக்கை கொடுத்தது. பென்சில்வேனியா மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரலுடன் மேரியட் ஓட்டல் நிறுவனம் 2021இல் சமரசம் செய்துகொண்டு, 2023 மே மாதம் முதல் மொத்த விலையைக் காட்டத் தொடங்கியது. கலிஃபோர்னியாவில் 2024 ஜூலை 1 முதல், கட்டாயக் கட்டணங்களை மறைத்து விலை போடுவதைத் தடுக்கும் எஸ்பி 478 சட்டம். நாடு முழுவதற்குமான விதி அதற்குப் பிறகுதான் வந்தது. கட்டணம் ஊருக்கு ஊர் பெயர் மாறும்: ரிசார்ட் ஃபீ, டெஸ்டினேஷன் ஃபீ, அமெனிட்டி ஃபீ, ஃபெசிலிட்டி ஃபீ. நீச்சல் குளமே இல்லாத நியூயார்க் ஓட்டலில் டெஸ்டினேஷன் ஃபீ என்று பார்த்தால் குழம்ப வேண்டாம், எல்லாம் ஒன்றேதான்.

தேடும்போது

தேதியோடு தங்குபவர்களின் சரியான எண்ணிக்கையையும் முதலிலேயே போடுங்கள். தேடல் பெட்டியில் பொதுவாக இரண்டு பெரியவர்கள் என்று தானாக இருக்கும். மூன்றாவது பெரியவருக்குப் பல ஓட்டல்களில் ஓர் இரவுக்கு இவ்வளவு என்று தனித் தொகை உண்டு. இரண்டு பேர் என்று புக் செய்துவிட்டு அம்மாவையும் அழைத்துப்போய் நின்றால் மேசையில் அந்தத் தொகையைச் சேர்ப்பார்கள். இதை மறைத்த கட்டணம் என்று வாதாட முடியாது, ஏனென்றால் நீங்கள் கேட்ட விலை இரண்டு பேருக்கானது.

தளத்தில் வரி உட்பட்ட மொத்தத் தொகையைக் காட்டும் பொத்தான் இருந்தால் அதை அழுத்திவிட்டு ஒப்பிடத் தொடங்குங்கள். ஓர் இரவு விலையை ஒப்பிடவே வேண்டாம். எத்தனை இரவு தங்கப்போகிறீர்களோ அத்தனைக்குமான மொத்தத்தை மட்டும் பாருங்கள். வாடகை வீடுகளில் இது மிக முக்கியம். அங்கே சுத்தம் செய்யும் கட்டணம் ஒரு தங்கலுக்கு ஒருமுறை. 120 டாலர் என்றால், இரண்டு இரவு தங்குபவருக்கு இரவுக்கு 60, ஆறு இரவு தங்குபவருக்கு வெறும் 20. ஒரே வீடு முதலாமவருக்கு நஷ்டம், இரண்டாமவருக்கு லாபம். வாடகை வீடுகளுக்கான தளமான ஏர்பிஎன்பி 2025 ஏப்ரல் முதல் உலகெங்கும் இந்தக் கட்டணத்தைச் சேர்த்தே விலை காட்டுகிறது. அமெரிக்காவில் அந்த விலையில் வரி இருக்காது.

ஓட்டல் நிறுவனங்களின் உறுப்பினர் திட்டங்களில் புள்ளிகள் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முழுக்கப் புள்ளிகளிலேயே எடுக்கும் அறைக்கு ஹில்டனிலும் ஹையாட்டிலும் ரிசார்ட் ஃபீ கிடையாது. மேரியட்டில் பொதுவாக உண்டு. இலவச இரவு என்று நினைத்துப் போய் இரவுக்கு 50 டாலர் கட்டுவது அங்கேதான்.

கடைசிப் பக்கத்தைப் பிரித்துப் படியுங்கள்

கார்டு எண் கேட்கும் பக்கத்தில் 'வரிகளும் கட்டணங்களும்' என்று ஒரே வரியில் ஒரு தொகை இருக்கும். அதில் வரி எவ்வளவு, கட்டணம் எவ்வளவு என்று நீங்களே கண்டுபிடித்துவிடலாம். நியூயார்க் நகரத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே அறை வரி மொத்தம் 14.75 சதவீதம், அதோடு ஓர் இரவுக்கு 3.50 டாலர். வாடகை 200 டாலர். 'வரிகளும் கட்டணங்களும்' 73.16 என்று காட்டுகிறது. வாடகைக்கு மட்டும் வரி 29.50, கூட 3.50, ஆக 33. மீதி 40.16 எங்கிருந்து வந்தது? கட்டணமும், அந்தக் கட்டணத்தின் மேல் வரியும். 40.16ஐ 1.1475ஆல் வகுத்தால் 35. ஓட்டல் போட்டிருக்கும் கட்டணம் 35 டாலர். ஊரின் பெயரோடு ஓட்டல் வரி விகிதம் என்று தேடினால் சதவீதம் கிடைத்துவிடும். நகரம், கவுன்டி (நம் மாவட்டம் போன்றது), மாநிலம் மூன்றும் தனித்தனியாக வரி போடும் இடங்களில் எல்லாவற்றையும் கூட்டிக்கொள்ளுங்கள். சுற்றுலா அசெஸ்மென்ட் என்ற பெயரில் ஒன்றிரண்டு சதவீதம் கூடுதலாக இருக்கும் ஊர்களும் உண்டு. மிச்சத் தொகை சில்லறையாக இருந்தால் அதுவாகத்தான் இருக்கும்.

இந்தக் கணக்கு எதற்கு? அந்த 35 டாலருக்கு என்னென்ன தருகிறார்கள் என்று ஓட்டல் தளத்தில் பார்த்துவிடலாம். சிலவற்றில் அன்றாடம் இவ்வளவு டாலருக்கு உணவகத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று இருக்கும். அது பெரும்பாலும் மறுநாளைக்குச் சேராது. கட்டாயமாகக் கட்டிய பணம், கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது, எந்தத் தொகையை எங்கே கட்டுகிறீர்கள் என்பது. 'இப்போது செலுத்துவது' ஒரு தொகை, 'ஓட்டலில் செலுத்துவது' இன்னொரு தொகை. முதலாவதை மட்டும் பார்த்துவிட்டு எல்லாம் கட்டியாயிற்று என்று நினைப்பதால்தான் மேசையில் சண்டை வருகிறது. இரண்டையும் கூட்டி, அந்தப் பக்கத்தை முழுதாக ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்: தேதி, அறை வகை, மொத்தம், ரத்து செய்யும் கெடு எல்லாம் தெரிகிற மாதிரி. உறுதி மின்னஞ்சலில் பல நேரம் இந்தப் பிரிவினை இருக்காது. கெடு என்பது ஓட்டல் இருக்கும் ஊரின் நேரப்படி. விமான டிக்கெட்டுக்கு அங்கே 24 மணி நேரச் சலுகை இருக்கிறதே என்று அறைக்கும் எதிர்பார்க்காதீர்கள், நாடு முழுவதற்குமான அப்படி ஒரு சட்டம் ஓட்டலுக்கு இல்லை.

மொத்த விலைக்குள் வராதவை

கார் நிறுத்தம் முதல் இடத்தில் இருக்கிறது. பெரிய நகரங்களின் மையத்தில் ஓர் இரவுக்கான பார்க்கிங், சுமாரான மோட்டல் வாடகையில் பாதியைத் தொட்டுவிடும். ஊழியரே காரை வாங்கி நிறுத்தும் வாலே மட்டும்தானா, நாமே நிறுத்திக்கொள்ளும் வசதியும் உண்டா, ஒருமுறை கட்டினால் வெளியே போய்த் திரும்பி வரலாமா என்று மூன்றும் கேட்க வேண்டும். கடைசிக் கேள்வியை விட்டவர்கள் ஒரே நாளில் இரண்டுமுறை கட்டியதுண்டு. கார் இல்லையென்றால் இந்தப் பத்தியே உங்களுக்கு வேண்டாம்.

அறைக்குள் இருக்கும் ஃப்ரிட்ஜ் காலியாக இருந்தால் உங்களுக்கானது. உள்ளே பானங்களும் சாக்லேட்டும் வரிசையாக அடுக்கியிருந்தால் அது மினிபார், கையை வைக்காதீர்கள். சில பெரிய ஓட்டல்களில் ஒவ்வொரு பொருளின் அடியிலும் சென்சார் இருக்கும். எடுத்து விலையைப் பார்த்துவிட்டு மெதுவாக வைத்தால்கூடக் கணக்கில் ஏறிவிடும். நம் பால் டப்பாவை வைக்க இடம் வேண்டும் என்று அதை நகர்த்தினால் நகர்த்தியதற்கும் பில், சில இடங்களில் சொந்தப் பொருள் வைத்ததற்குத் தனிக் கட்டணம். இன்சுலின் போன்ற மருந்து வைத்திருப்பவர்கள் செக்-இன் செய்யும்போதே மருத்துவத் தேவைக்கு ஃப்ரிட்ஜ் வேண்டும் என்று கேளுங்கள். பெரும்பாலும் இலவசமாகவே கொடுப்பார்கள். அறையில் மேசைமேல் இருக்கும் தண்ணீர் பாட்டிலின் கழுத்தில் சீட்டு தொங்குகிறதா என்று பாருங்கள், தொங்கினால் அதில் விலை இருக்கும்.

செக்-இன் போது கார்டில் ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள். இது கட்டணம் அல்ல, ஹோல்ட். 50 முதல் 100 டாலர் சாதாரணம், சில ஓட்டல்களில் அது ஓர் இரவுக்கான கணக்கு. கிரெடிட் கார்டு என்றால் லிமிட் குறையும், அவ்வளவுதான். டெபிட் கார்டு என்றால் உங்கள் கணக்கில் இருக்கும் பணமே முடங்கும். அறையைக் காலி செய்து சில நாள் கழித்துத்தான் திரும்பும். வேறு நாட்டு வங்கிக் கார்டானால் இன்னும் இழுக்கும். பயணச் செலவுக்கான பணம் உள்ள டெபிட் கார்டை மேசையில் நீட்டாதீர்கள்.

இந்திய வங்கிக் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இயந்திரம் இன்னொரு கேள்வி கேட்கும்: ரூபாயில் கட்டவா, டாலரிலா? டாலரை அழுத்துங்கள். ரூபாயை அழுத்தினால் மாற்று விகிதத்தை உங்கள் வங்கி முடிவு செய்யாது, இயந்திரத்தின் பின்னால் இருக்கும் நிறுவனம் தன் லாபத்தைச் சேர்த்து முடிவு செய்யும். சில மேசைகளில் கேட்காமலே ரூபாயில் போட்டுவிடுவார்கள். ரசீதில் ரூபாய்த் தொகை இருந்தால் அங்கேயே ரத்து செய்து மறுபடி போடச் சொல்லலாம்.

மேசையில் பேசும்போது

பேச வேண்டிய நேரம் செக்-இன், செக்-அவுட் அல்ல. கிளம்பும் அவசரத்தில், பின்னால் வரிசை நிற்கும்போது பேசினால் எடுபடாது. சாவி வாங்குமுன் மொத்தத்தைச் சொல்லச் சொல்லி, ஸ்கிரீன்ஷாட்டோடு ஒத்துப்பாருங்கள். ரிசார்ட் ஃபீ எனக்கு வேண்டாம், குளத்துக்குப் போக மாட்டேன் என்று சொல்வது பெரும்பாலும் பலிக்காது. கட்டாயக் கட்டணம் என்பார்கள், அது உண்மையும்தான். பலிக்கும் வாதம் வேறு: அந்தக் கட்டணத்துக்குத் தருவதாகச் சொன்ன வசதி கிடைக்கவில்லை என்பது. குளம் மூடியிருக்கிறது, வைஃபை வரவில்லை, உடற்பயிற்சி அறை பழுதுபார்ப்பில் இருக்கிறது. இதை அன்றைக்கே மேசையில் சொல்லி, யாரிடம் சொன்னீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த நாளுக்கான தொகையைக் கழிக்க மேலாளருக்குப் பெரும்பாலும் அதிகாரம் உண்டு.

கிளம்பும்போது ஃபோலியோ என்று கேட்டு வாங்குங்கள். கார்டு சீட்டு போதாது; வரிவரியாக எழுதிய, பாக்கி பூஜ்யம் என்று காட்டும் கணக்குத்தாள் அது. புக்கிங் தளம் வழியாகப் பணம் கட்டியிருந்தால் வாடகை அதில் இல்லாமல் போகலாம். அறையில் ஏறிய கூடுதல் செலவுகள் எல்லாம் இருக்க வேண்டும்.

அறையைக் காலி செய்து இரண்டு மூன்று நாள் கழித்து மினிபார், பார்க்கிங், புகைபிடித்ததற்கான அபராதம் என்று தாமதமாக ஒரு தொகை கார்டில் ஏறுவதுண்டு. அப்படி ஏறினால் முதலில் ஓட்டலின் கணக்குப் பிரிவுக்கு ஃபோலியோவை இணைத்து எழுதுங்கள். பதில் சரியில்லை என்றால் கார்டு நிறுவனத்திடம் போகலாம். அமெரிக்க கிரெடிட் கார்டானால், தவறான தொகை வந்த ஸ்டேட்மென்ட் அனுப்பப்பட்ட நாளிலிருந்து 60 நாட்களுக்குள் எழுத்தில் மறுக்க வேண்டும் என்பது சட்டம். ஓட்டலின் பதிலுக்குக் காத்திருந்து இந்தக் கெடுவைத் தவறவிடாதீர்கள். வேறு நாட்டுக் கார்டானால் உங்கள் வங்கியின் கெடு எத்தனை நாள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். விலையையே மறைத்துக் காட்டியிருந்தால் அது வேறு புகார். அதை ரிப்போர்ட்ஃபிராட் டாட் எஃப்டிசி டாட் கவ் தளத்திலும், ஓட்டல் இருக்கும் மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல் அலுவலகத்திலும் பதிவு செய்யுங்கள். ஃபெடரல் டிரேட் கமிஷன் உங்கள் பணத்தை வாங்கித் தராது, தனிப்பட்ட வழக்குகளை அது தீர்ப்பதில்லை. முதலில் காட்டிய விலையின் படமும் கடைசிப் பக்கத்தின் படமும் இரண்டும் வேண்டும். ஒன்றை மட்டும் வைத்து, விலையை மறைத்தார்கள் என்று காட்ட முடியாது.