செம்புக் குண்டுக்கு வெடிமருந்து அளவை எங்கே தேடுவது?

அமெரிக்காவில் வேட்டைத் தோட்டாவை வீட்டிலேயே நிரப்பிக்கொள்பவர்கள், புதிதாக வந்த முழுச் செம்புக் குண்டுக்கு வெடிமருந்து அளவு வேண்டுமென்றால் புது மருந்தளவுக் கையேடு வாங்க ஓடாதீர்கள். முதலில் குண்டு செய்த கம்பெனியின் இணையதளம், அப்புறம் ஹாட்ஜ்டன் போன்ற வெடிமருந்து கம்பெனியின் தளம். காசு மிச்சம். அச்சுக் கையேட்டில் புதுக் குண்டு ஏறுவதற்குள் அடுத்த சீசன் வந்துவிடும்.

கையிலுள்ள ஈயக் குண்டின் கணக்கையே போட்டால் என்ன? 150 கிரெய்ன் என்று எடை ஒன்றாக இருந்தாலும் சரிவராது. ஈயத்தின் அடர்த்தி கன செ.மீ.க்கு 11.3 கிராம், செம்புக்கு 8.9தான். அதனால் அதே எடைக்குச் செம்புக் குண்டு நீளமாக இருக்கும்; தோட்டாவின் கூட்டுக்குள் இறங்கி மருந்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், அழுத்தம் எகிறும். அந்தத் தளங்களின் அட்டவணையில் உங்கள் குண்டு இருந்தாலும், அதில் சொன்ன தொடக்க அளவிலிருந்தே ஏறுங்கள்.

உங்கள் குண்டும் உங்கள் மருந்தும் அட்டவணையில் ஒரே வரியில் இல்லையென்றால் இந்த வழி உதவாது. எண் ஒத்துப்போகிறதே என்று வேறு மருந்தின் கணக்கையும் எடுக்காதீர்கள்: எச்4831, ஐஎம்ஆர் 4831 என்ற வெடிமருந்துகள் இரண்டும் எண்ணில்தான் ஒன்று, மருந்து வேறு. அப்போது தோராயம் வேண்டாம், குண்டு கம்பெனிக்கே போன் போட்டுக் கேளுங்கள்.