பழைய மேஸி ட்ராக்டர் வாங்கப் போகிறவர்களுக்கு: இன்ஜினைப் பார்ப்பது எப்படி?

ஆறு வருடங்களுக்கு முன் என் முதல் ட்ராக்டரை சாயங்காலம் ஐந்து மணிக்குப் போய்ப் பார்த்தேன். "இப்பத்தான் தம்பி, உழவு முடிச்சு வந்து நிக்குது" என்றார் தரகர். சாவியைத் திருப்பியதுமே இன்ஜின் பிடித்துக்கொண்டது. சத்தமும் சுத்தம், புகையும் இல்லை. அப்போதே முன்பணம் கொடுத்துவிட்டேன். வண்டி வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, பேட்டரி இறங்கும்வரை செல்ஃப் அடித்தும் கிளம்பவில்லை. நாலு பேர் தள்ளிக் கிளப்பியபோது தெருவே வெள்ளைப் புகையில் மறைந்துபோனது. பிஸ்டனைச் சுற்றி வாயு கசியாமல் அடைக்கும் ரிங் எல்லாம் தேய்ந்திருந்தது. சம்ப்பில், அதாவது இன்ஜின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டியில், இருந்தது இன்ஜின் ஆயிலே இல்லை, கியர் ஆயில் மாதிரி கெட்டியான ஒன்று. தேய்ந்த இன்ஜினின் சத்தத்தையும் புகையையும் கொஞ்ச நாளைக்கு அடக்கிவைக்க அது போதும்.

நம் ஊரில் அதிகம் கைமாறுவது மேஸி 1035. சென்னையில் 1960-இல் தொடங்கிய டாஃபே கம்பெனியின் வண்டி, மூன்று சிலிண்டர் சிம்சன் இன்ஜின். உதிரி பாகம் எங்கும் கிடைக்கும், பிரித்துப் பார்க்கத் தெரிந்த மெக்கானிக்கும் எங்கும் இருப்பார். அதனால் அதை வைத்தே சொல்கிறேன். மற்ற பழைய வண்டிகளுக்கும் பெரும்பாலும் இதே முறைதான்.

படி 1: காலையில் போங்கள்

முதல் நாளே போனில் சொல்லிவிடுங்கள்: "வண்டியைக் கிளப்பி வைக்க வேண்டாம், நான் வந்துதான் கிளப்புவேன்." போனதும் சைலன்சர் இன்ஜினோடு சேரும் இடத்தில் புறங்கையை மெதுவாக அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் முன்பே கிளப்பியிருக்கிறார்கள், சூடான இன்ஜின் குறையை மறைத்துவிடும். ஒரு டீ குடித்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடலாம். நாளைக்கு வருகிறேன் என்று சொல்லுங்கள். அவர் முகம் எப்படி மாறுகிறது என்பதும் ஒரு சோதனைதான்.

படி 2: ஆயிலும் தண்ணீரும்

ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். டீசல் இன்ஜினில் ஆயில் கறுப்பாக இருப்பது குறையில்லை. தேன் நிறத்தில் பளபளவென்று இருந்தால்தான் யோசிக்க வேண்டும். உங்களுக்காக நேற்று மாற்றியிருப்பார்கள். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள், பசைபோல இழுத்தால் என் கதைதான். பால் விட்ட டீ நிறம் என்றால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஹெட் கேஸ்கட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகடு) போயிருக்கலாம், ஹெட்டிலோ பிளாக்கிலோ விரிசல் இருக்கலாம். அளவுக் கோட்டுக்கு மேலே ஆயில் நின்றால் முகர்ந்து பாருங்கள். டீசல் வாடை வந்தால் டீசல் உள்ளே கசிகிறது.

சொந்தக்காரர் சம்மதித்தால் இன்னொன்று செய்யலாம். சம்ப்புக்கு அடியில் ஆயில் இறக்கும் போல்ட்டைக் கழற்றாமல், லேசாகத் தளர்த்துங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனம். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் அது அடியில் தங்கியிருக்கும். முதலில் சொட்டுவது தண்ணீராக இருந்தால் மேற்கொண்டு எதையும் பார்க்க வேண்டியதில்லை.

ரேடியேட்டர் மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள் (சூடான இன்ஜினில் இதைச் செய்யவே கூடாது). மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் விலகிவிடுங்கள். அப்படியே பிளாக்கைச் சுற்றி ஒரு பார்வை. வண்டி முழுக்கத் தூசி, பிளாக்கில் மட்டும் புது பெயின்ட் என்றால் அடியில் விரிசலை மறைக்கும் எம்-சீல் பசை இருக்கிறதா என்று நகத்தால் சுரண்டிப் பாருங்கள்.

படி 3: ஏர் கிளீனர்

வாங்கப் போகும் பலர் இதைத் திறப்பதே இல்லை. பழைய வண்டிகளில் அடியில் ஒரு கிண்ணமும் அதில் ஆயிலும் இருக்கும். உள்ளே வரும் காற்றிலுள்ள புழுதி அந்த ஆயிலில் ஒட்டிக்கொள்ளும். கிளிப்பைத் தளர்த்திக் கிண்ணத்தை இறக்குங்கள். காய்ந்த மண் அப்பிக் கிடந்தால் அந்தப் புழுதி பல சீசன்களாக லைனரையும் (பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உள்குழாய்) ரிங்கையும் உப்புத்தாள் மாதிரி தேய்த்திருக்கிறது. வண்டி ஓடிய மணிக்கணக்கைக் காட்டும் மீட்டர் என்ன சொன்னாலும் சரி, நான் இந்தக் கிண்ணத்தைத்தான் நம்புவேன்.

படி 4: இப்போது கிளப்புங்கள்

"பேட்டரி வீக்கு" என்று சொல்வார்கள் என்பதால் நல்ல பேட்டரி ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள். நம் ஊர் வெயிலில் டீசல் இன்ஜின் சில விநாடிகளில் பிடிக்க வேண்டும். வெகுநேரம் இழுத்தால் கம்ப்ரஷன் குறைந்திருக்கலாம், டீசல் லைனில் காற்று ஏறியிருக்கலாம்.

முதல் ஒரு நிமிடம் கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து நின்றுவிட்டால் பயமில்லை. நிற்காமல் வந்தால் எரியாத டீசல் அல்லது தண்ணீர். நீலப் புகை ஆயில் எரிவது. கரும்புகைக்குக் காரணம் பெரும்பாலும் நாசில் (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் முனை), டீசல் பம்ப் அல்லது அடைத்த ஏர் கிளீனர். மூன்றிலும் கடைசியே மலிவு.

இன்ஜின் சூடேறும் முன்பே, திறந்திருக்கும் ரேடியேட்டர் வாயைக் கவனியுங்கள். விடாமல் குமிழி வந்தால் சிலிண்டர் வாயு தண்ணீருக்குள் போகிறது, அதாவது கேஸ்கட்டோ ஹெட்டோ. பார்த்துவிட்டு மூடியைப் போட்டுவிடுங்கள்.

படி 5: பிரீதர்

பிளாக்கிலிருந்து கீழே தொங்கும் சின்னக் குழாய்தான் பிரீதர். அதன் வாயருகே கையை வையுங்கள். மூச்சு விடுவதுபோல லேசாக வந்தால் சரி. குப்குப்பென்று புகை அடித்தால் ரிங் தாண்டி வாயு கீழே இறங்குகிறது. லைனர், பிஸ்டன் செட்டுக்கான செலவை விலையில் கழித்தாக வேண்டும்.

மூன்று சிலிண்டரும் சமமாக உழைக்கின்றனவா என்று பார்க்க, நாசிலுக்குப் போகும் டீசல் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துவார்கள். தளர்த்தியதும் சத்தம் மாறாத சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பொருள். இதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

படி 6: வயலில் அரை மணி நேரம்

சும்மா ஓடும் இன்ஜினை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. கலப்பையை மாட்டி அரை மணி உழுங்கள். பாரம் ஏறும்போது அடியிலிருந்து தொம்தொம் என்று கனமான தட்டல் வந்தால் கிராங்க் பேரிங்காக இருக்கலாம். மேலே டிக்டிக் என்பது பெரும்பாலும் டேப்பட், அதாவது வால்வு இடைவெளி. அது சின்ன வேலை. ஆயில் பிரஷர் மீட்டரை இப்போதுதான் பார்க்க வேண்டும், கெட்டியான குளிர்ந்த ஆயில் எல்லா மீட்டரையும் ஏற்றிக் காட்டும். சூடான பிறகு நல்ல ஓட்டத்தில் 30 பி.எஸ்.ஐ.க்குக் கீழே இறங்கினால் பேரிங், ஆயில் பம்ப் இரண்டின் மேலும் சந்தேகப்படலாம். மீட்டரே வேலை செய்யவில்லையா? மெக்கானிக்கிடம் தனி மீட்டர் இருக்கும், அதை மாட்டிப் பாருங்கள்.

வண்டியை நிறுத்தி, கிளட்ச் வீட்டின் அடியில் உள்ள சின்ன ஓட்டையைப் பாருங்கள். அங்கே இன்ஜின் ஆயில் சொட்டினால் பின்பக்க சீல் போயிருக்கிறது. சீலின் விலை அற்பம், ஆனால் மாற்ற வண்டியை இரண்டாகப் பிரிக்க வேண்டும்.

படி 7: சூட்டோடு மறுபடி

உழுது முடித்த சூட்டிலேயே அணைத்துவிட்டு, பத்து நிமிடம் கழித்துத் திரும்பக் கிளப்புங்கள். ரோட்டரி வகை டீசல் பம்ப் உள்ள வண்டிகளில் பம்ப் தேய்ந்திருந்தால் காலையில் நன்றாகக் கிளம்பியது இப்போது அடம்பிடிக்கும்; சூட்டில் டீசல் இளகி பம்புக்குள்ளேயே கசிந்துவிடும். அந்தப் பத்து நிமிடத்தைச் சும்மா விடாமல், பிளாக்கில் உள்ள இன்ஜின் நம்பரை ஆர்.சி. புக்கோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். விலை பேச்சு எல்லாம் வண்டி இரண்டாவது முறை கிளம்பிய பிறகு.