மடக்கு சைக்கிளை பாசஞ்சர் ரயில்ல ஏத்தி, காத்தோட ஓட்டிட்டு வர்றது எப்படி: டெல்டாவுக்கான செய்முறை

டெல்டாவுல மேடே கிடையாது, சைக்கிள் ஓட்ட சுலபமான ஊருன்னு சொல்றவங்க ஆடி மாசம் மத்தியானம் கும்பகோணத்துல இருந்து திருவையாறு பக்கமா ஒரு தடவை மிதிச்சுப் பாக்கணும். மேடு இல்லதான், ஆனா மேக்காத்து இருக்கு. மேடுன்னா ஏறுனதுக்கு ஒரு எறக்கமாவது கெடைக்கும், எதிர்காத்துல அந்தக் கணக்கே கெடையாது, ரெண்டு பக்கமும் வெட்டவெளி வயலு, மறைக்க ஒரு மரம்கூட இல்லாத இடத்துல 12 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டுறதே பெரிய விஷயம்.

அதனால நான் இப்ப போயிட்டுத் திரும்பி வர்ற ரைடே போறதில்ல. காத்து எந்தப் பக்கம் அடிக்குதோ அந்தப் பக்கம் மட்டும் ஓட்டுறது, மீதிக்கு ரயிலு. இதுக்கு சாதாரண சைக்கிள் ஒத்துவராது, பார்சல் ஆபீஸ்ல புக் பண்ணணும், பாசஞ்சர் ரயிலுக்கு அதெல்லாம் நடக்குற கதை இல்ல. மடக்கு சைக்கிள்தான் வழி. எப்படின்னு கீழ சொல்றேன். சைக்கிள் ஓட்டத் தெரியும், பிரேக் டைட் பண்ணத் தெரியும்னு வச்சுக்கிட்டுதான் எழுதுறேன்.

ஸ்டெப் 1: எந்த சைக்கிள்

சின்ன சக்கரத்தைப் பாத்ததும் "இது குழந்தைங்க சைக்கிள்ல, இதுல எங்க தம்பி அவ்ளோ தூரம் போறது"ன்னு டீக்கடையில கண்டிப்பா ஒருத்தர் கேப்பார். 1962-லயே இங்கிலாந்துல அலெக்ஸ் மவுல்டன்னு ஒரு இன்ஜினியர் சின்ன சக்கரத்துக்கு சஸ்பென்ஷன் வச்சு சைக்கிள் கொண்டுவந்து, அது பெரிய சைக்கிளுங்க கூடப் போட்டி போடுற அளவுக்கு ஓடுச்சு. சின்ன சக்கரம்னா மெதுவாத்தான் போகும்னு இல்ல, பல் சக்கர அளவுல அதை சரிக்கட்டிருவாங்க. ஆனா குழியில ஜாஸ்தி குதிக்கும், அது உண்மை. அதுக்கு மருந்து அகலமான டயரும் கொஞ்சம் கம்மி காத்தும்தான்.

16 இஞ்ச் சக்கரம் வச்ச பிராம்ப்டன் கம்பெனி மாதிரி சைக்கிள் மடக்குனா ரொம்பச் சின்னதாயிரும், 58 சென்டிமீட்டருக்கு 56 சென்டிமீட்டர்ங்கிற அளவுல அடங்கிரும், செயினும் நடுவுல ஒளிஞ்சுக்கும். விலையைப் பாத்தா நமக்குத்தான் தலை சுத்தும். அதோட அந்த 16 இஞ்ச் டயரும் ட்யூபும் தனி சைஸு, பாபநாசத்துல பஞ்சர் ஆனா அங்க எந்தக் கடையிலயும் கெடைக்காது. என்னோட ஓட்டு 20 இஞ்சுக்குத்தான். எடை 11ல இருந்து 13 கிலோ இருக்கும், தூக்க முடியும்.

கியர் விஷயத்துல எனக்குப் பிடிவாதம் உண்டு. பின்னாடி தொங்குற டீரெய்லர் கியரு சின்ன சக்கரத்துல தரைக்கு ரொம்பக் கிட்ட வந்துரும். தை, மாசியில நம்ம ரோட்டுல பாதி வைக்கோலா கெடக்கும், பங்குனியில உளுந்துச் செடியைக் கொண்டாந்து பரப்பி வச்சிருப்பாங்க வண்டி ஏறி மிதிக்கட்டும்னு. அந்த வைக்கோல் டீரெய்லரோட குட்டிச் சக்கரத்துல சுத்துச்சுன்னா உக்காந்து ஒவ்வொரு இழையா உருவணும், பாக்காம மிதிச்சா கியரே வளைஞ்சிரும். அதனால முடிஞ்சா பின் சக்கரத்து நடு உருளை, அதாவது ஹப்புக்குள்ளயே கியர் இருக்குற மாடல், இல்லன்னா கியர் மாத்துற வேலையே இல்லாத சிங்கிள் ஸ்பீடு. எதிர்காத்துல ஓட்டப் போறதில்லன்னு ஆனப்புறம் நம்ம ஊருக்கு 7 கியரு எதுக்கு? ஏற்கனவே டீரெய்லர் சைக்கிள் வச்சிருக்கீங்கன்னா ஒண்ணும் மோசமில்ல, வைக்கோலைக் கண்டா எறங்கித் தள்ளிட்டுப் போங்க, காயுற நெல்லு மேல எப்படியும் ஓட்டக் கூடாது, ஓட்டுனா பாட்டி குச்சியைத் தூக்கிட்டு வரும், வரணும்.

ஸ்டெப் 2: மூட்டு லாக்

இதுதான் முக்கியமான இடம், இதைப் பத்தி கடைக்காரங்க ஒரு நிமிஷத்துல சொல்லி முடிச்சுருவாங்க, வீடியோவுலயும் "கிளிக் அவ்ளோதான்"னு போயிருவாங்க. அவ்ளோதான் இல்ல.

பிரேம் நடுவுல மடங்குற மூட்டுல ஒரு லிவர் இருக்கும். லிவரை மூடும்போது பாதி தூரம் வரைக்கும் லூசா வரணும், அங்க இருந்து இறுக ஆரம்பிக்கணும், கடைசியில உள்ளங்கையால அழுத்தி மூடுற மாதிரி இருக்கணும். விரலாலயே சுலபமா மூடிருச்சுன்னா லூசு. ரெண்டு கையும் வச்சு மல்லுக்கட்டணும்னா ஓவர் டைட்டு, அதுவும் தப்புதான், லாக்கோட உலோகம் நாளடைவுல விரிசல் விடும். லிவருக்குப் பக்கத்துலயோ பின்னாடியோ ஒரு நட்டு இருக்கும், அதைக் கால் சுத்து, கால் சுத்தா திருகி மூடி மூடிப் பாருங்க. ஒரேயடியா ஒரு முழுச் சுத்து சுத்திராதீங்க.

அடுத்தது டெல்டாவுக்குன்னே உள்ள பிரச்சினை, மணல். ஆத்தங்கரையில சைக்கிளைப் படுக்கப் போட்டு எடுத்தீங்கன்னா மூட்டோட ரெண்டு தட்டுக்கும் நடுவுல மணல் ஒட்டிக்கும். ரெண்டு தட்டும் முழுசா பதியாது, லிவர் என்னமோ மூடிரும், பாக்க சரியா இருக்கும், ஆனா மிதிக்க மிதிக்க கிரீச் கிரீச்னு சத்தம் வரும், உள்ள தேய்ஞ்சுக்கிட்டே இருக்கும். நெறைய பேர் இந்தச் சத்தத்துக்கு எண்ணெய் ஊத்துறாங்க, எண்ணெய் ஊத்துனா இன்னும் மணல் ஒட்டும். ஒவ்வொரு தடவை விரிக்கும்போதும் மூடுறதுக்கு முன்னாடி ஒரு காஞ்ச துணியால ரெண்டு தட்டையும் துடைங்க. துணியை சீட்டுக்கு அடியில சொருகியே வச்சிருங்க.

மூடுனதும் டெஸ்ட்: முன் பிரேக்கை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு ஹேண்டிலை முன்னுக்கும் பின்னுக்கும் ஆட்டுங்க, இன்னொரு கை விரலை மூட்டு சேர்ற கோட்டுல வைங்க. விரலுக்கு அசைவு தெரிஞ்சா லாக் சரியில்ல. விரல்ல ஒண்ணும் தெரியல, ஆனா டக் டக்னு ஆட்டம் மட்டும் இருக்குன்னா அது ஹேண்டில் பேரிங் லூசு, எந்த சைக்கிள் கடையிலயும் டைட் பண்ணிரலாம். ஹேண்டில் தண்டுக்கு தனியா ஒரு லாக் உண்டு, அதுக்கும் இதே டெஸ்ட். லிவர் தானா தெறந்துக்காம இருக்க ஒரு குட்டிக் கொக்கி வச்சிருப்பாங்க, அதை மாட்டாம கெளம்பாதீங்க.

ஸ்டெப் 3: மடக்குறது

கியர் இருந்தா பின்னாடி சின்னப் பல் சக்கரத்துக்கு மாத்திக்கோங்க, டீரெய்லர் உள்பக்கமா ஒதுங்காம நேரா நிக்கும். இடது பெடலை மடக்கிருங்க. பெடல் கம்பி எந்த நிலையில இருந்தா முன் சக்கரத்துல இடிக்கலன்னு வீட்டுலயே ஒரு தடவை பொறுமையா கண்டுபிடிச்சு, பல் சக்கரத்துலயும் பிரேம்லயும் பிவிசி டேப்பால ஒரு அடையாளம் ஒட்டிருங்க. பிளாட்பாரத்துல ரயில் வர்ற நேரத்துல இதை யோசிச்சுக்கிட்டு நிக்க முடியாது.

ஹேண்டிலை முதல்ல கவுத்து ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல வைக்கிற மாடல் இருக்கு, பிரேமை மடக்கிட்டு ஹேண்டிலை வெளிய தொங்கவிடுற மாடலும் இருக்கு, உங்களது எதுன்னு பாத்துக்கோங்க. பிரேக் வயரு மூட்டு இடுக்குல மாட்டுதான்னு மட்டும் கவனிங்க. சீட்டைக் கடைசியா எறக்குங்க, அதுவரைக்கும் அதான் தூக்குறதுக்குப் பிடி. சீட்டு தண்டுல உங்க உயரத்துக்கு ஒரு டேப் ஒட்டி வச்சா திரும்ப ஏத்தும்போது நேரம் மிச்சம், ஆனா தண்டுல போட்டிருக்குற கடைசிக் கோட்டைத் தாண்டி ஏத்தாதீங்க.

மடக்குனதைப் பிடிச்சு வைக்க காந்தம் குடுத்திருப்பாங்க. ரயிலு ஆடுற ஆட்டத்துக்கு அது நிக்காது. பழைய ட்யூபை ரெண்டு விரல் அகலத்துக்கு வெட்டி இழுத்துக் கட்டுங்க, கடையில விக்கிற கொக்கி வச்ச எலாஸ்டிக் கயிறைவிட இது நூறு மடங்கு தேவலாம், கொக்கி தெறிச்சு யாரு கண்ணுலயாவது பட்டா வம்பு.

ஸ்டெப் 4: பை, ரயில்

பெரும்பாலான 20 இஞ்ச் மாடல்ல மடக்குனா செயின் வெளிப்பக்கமாத்தான் வரும். பக்கத்துல வெள்ளை வேட்டியோட திருநாகேஸ்வரம் போற தாத்தா நிப்பார். பை இல்லாம ஏறவே ஏறாதீங்க. ஆன்லைன்ல விக்கிற பையி விலை ஜாஸ்தி, அதுக்குப் பதிலா பைக் சீட் கவர் தைக்கிற கடையில சைக்கிளையே கொண்டுபோய் நிறுத்தி அளவெடுக்கச் சொல்லி ரெக்சின்ல தச்சு வாங்குங்க. அடிப்பக்கம் டபுளா தைக்கச் சொல்லுங்க, தோள்ல மாட்ட அகலமான பட்டை வைக்கச் சொல்லுங்க.

ரயில்வே விதிப்படி பயணிகள் பெட்டிக்குள்ள எடுத்துட்டுப் போற பெட்டி 100 சென்டிமீட்டர் நீளம், 60 அகலம், 25 உயரத்துக்குள்ள இருக்கணும், ரெண்டாம் வகுப்புல இலவச எடை 35 கிலோ. எடையில நமக்குப் பிரச்சினையே இல்ல. மடக்குன தடிமன்லதான் 20 இஞ்ச் சைக்கிள் 25 சென்டிமீட்டரைத் தாண்டும். அதனால யாராவது கேட்டா பணிவா பேசுங்க, உரிமைன்னு சண்டை போடாதீங்க. கூட்டமான காலை ஆபீஸ் நேரத்து வண்டியையும் முகூர்த்த நாளையும் விட்டுருங்க. விடிகாலை வண்டியில ஏறி, செயின் பக்கத்தை சுவத்தைப் பாத்து வச்சு, வாசலை மறைக்காம நீங்களும் பக்கத்துலயே நின்னீங்கன்னா யாரும் ஒண்ணும் சொல்றதில்ல, "உள்ள என்ன தம்பி, ஆர்மோனியமா"ன்னு கேப்பாங்க, அவ்ளோதான்.

ஸ்டெப் 5: காத்தைப் பாத்து ரூட்டு

ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் மேக்க இருந்து கெழக்க. அப்ப ரயில்ல மேக்க போய் கெழக்க ஓட்டணும். நமக்குன்னே போட்ட மாதிரி மாநில நெடுஞ்சாலை 22 இருக்கு, கல்லணையில ஆரம்பிச்சு திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு, கும்பகோணம், மயிலாடுதுறைன்னு காவிரி கூடவே வந்து பூம்புகார்ல முடியும். மொத்தத்தையும் ஒரே நாள்ல ஓட்டணும்னு அவசியமில்ல, துண்டு துண்டா ஓட்டுங்க.

முதல் தடவைன்னா பூதலூர் ஸ்டேஷன்ல எறங்கி திருக்காட்டுப்பள்ளி போய் அங்க இருந்து திருவையாறு. அசோகா அல்வா சாப்ட்டுட்டு தெம்பு இருந்தா கும்பகோணம் வரைக்கும், இல்லன்னா தெக்க திரும்பி தஞ்சாவூர், 13 கிலோமீட்டர்தான், காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறுன்னு அஞ்சு பாலம் தாண்டுவீங்க. அந்தத் துண்டுல பக்கவாட்டுக் காத்து அடிக்கும், பாலத்து மேல ஹேண்டிலை கெட்டியாப் பிடிங்க, சின்ன சக்கரம் வெடுக்குனு திரும்பும்.

தஞ்சாவூர் தாண்டுனா ரயில் மெயின் லைன் கூடவே வரும்ங்கிறதுதான் பெரிய நிம்மதி. பாபநாசம், சுவாமிமலை, கும்பகோணம், ஆடுதுறை, குத்தாலம், மயிலாடுதுறைன்னு எங்க முடியலயோ அங்க மடக்கி ஏறிக்கலாம். சின்ன ஸ்டேஷன்ல எல்லா வண்டியும் நிக்காது, டைம் முன்னாடியே பாத்து வச்சுக்கோங்க.

மயிலாடுதுறைக்குக் கெழக்க போறதா இருந்தா மத்தியானத்துக்குள்ள பூம்புகார் சேந்துருங்க. மத்தியானத்துக்கு மேல கடக்காத்து ஏறுச்சுன்னா மேக்காத்து நம்பி வந்தவங்களுக்கு மூஞ்சியில அடிக்கும். ஐப்பசியில இருந்து தை வரைக்கும் எல்லாமே உல்ட்டா, வாடைக்காத்து, அப்ப மயிலாடுதுறை வரைக்கும் ரயில்ல போய் மேக்க பாத்து ஓட்டுங்க. ஐப்பசி, கார்த்திகையில மழையும் சேந்து வரும், அது தனிக் கதை. ஆடிப்பெருக்கு அன்னைக்கு ஆத்தோர ரோட்டுப் பக்கமே போகாதீங்க, சைக்கிள் என்ன, நடக்கவே எடம் இருக்காது.

சாயங்காலம் வயலோரத்துல பூச்சி கண்ணுல விழும், வெள்ளைக் கண்ணாடி ஒண்ணு போட்டுக்கோங்க. பின்னாடி செவப்பு லைட்டு கட்டாயம், இந்த ரோட்டுல ஓரம்னு ஒண்ணே கெடையாது, பஸ்ஸு வந்தா எறங்கி நிக்கிறதுதான் நல்லது.

அப்டேட் 1: டவுன் பஸ்ல ஏத்தலாமான்னு கேட்டிருந்தீங்க. கண்டக்டர் மனசுதான். லக்கேஜ் டிக்கெட் நீங்களா கேட்டு வாங்குனா பாதிப் பிரச்சினை தீந்துரும். கூட்டம் இருந்தா அடுத்த பஸ்ஸு.

அப்டேட் 2: பஞ்சர் பத்தி நெறைய கேள்வி. 20 இஞ்சுன்னு ஒரே பேர்ல ரெண்டு சைஸு இருக்கு, 406, 451, டயர் ரிம்ல உக்கார்ற இடத்தோட விட்டம் மில்லிமீட்டர்ல. டயர் ஓரத்துல 47-406 மாதிரி எழுதியிருக்கும், பாத்துக்கோங்க. 406ன்னா பிரச்சினையே இல்ல, நம்ம ஊரு குழந்தைங்க சைக்கிள் ட்யூபே பொருந்தும், திருப்பனந்தாள்லகூட கெடைக்கும். 451ன்னா ரெண்டு ட்யூப் கையோட வச்சுக்கோங்க. இன்னொண்ணு வால்வு. குழந்தைங்க சைக்கிள் ட்யூப்ல சிலது பழைய வால்டியூப் ரகம், சிலது பைக்ல இருக்குற மாதிரி வால்வு. பைக் ரகமா கேட்டு வாங்குங்க, பெட்ரோல் பங்குலயே காத்து அடிச்சுக்கலாம். ஆனா சின்ன டயரு சட்டுனு ரொம்பிரும், டயர்ல போட்டிருக்குற பிஎஸ்ஐ (காத்தழுத்த) அளவைச் சொல்லி கொஞ்சம் கொஞ்சமா அடிக்கச் சொல்லுங்க. உங்க சைக்கிள்ல ஒல்லியான பிரஸ்டா வால்வு இருந்தா ஒரு அடாப்டர் வாங்கி சாவிக்கொத்துல மாட்டி வைங்க. சீமைக்கருவேல முள்ளு குத்துனா முள்ளை டயருக்கு உள்பக்கத்துல இருந்து தடவிப் பாத்து எடுத்துட்டுத்தான் புது ட்யூப் போடணும், நுனி ஒடிஞ்சு டயருக்குள்ளயே நிக்கும், கண்ணுக்குத் தெரியாது, விரலைவிடப் பஞ்சு வச்சுத் தடவுனா மாட்டிக்கும்.