நாள்பட்ட வலிக்குக் கெட்டமின் ஏற்றப் போகும்போது

மழை நாளில் மலையில் வழுக்கி விழுந்து அம்மாவுக்கு மணிக்கட்டு முறிந்தது. பிளாஸ்டர் போட்டார்கள், எலும்பும் கூடிவிட்டது, ஆனால் ஐந்து மாதம் கழித்தும் போர்வை பட்டாலே கத்துவார். கை ஒரு நேரம் நீலமாகிக் குளிர்ந்து கிடக்கும், இன்னொரு நேரம் சிவந்து வீங்கிக் கொதிக்கும். இதற்கு சீ.ஆர்.பீ.எஸ். என்று பெயர். மாத்திரைகள் எல்லாம் பார்த்த பிறகு வலி கிளினிக்கில் கெட்டமின் ஏற்றிப் பார்க்கலாம் என்றார்கள். நாங்கள் ஒன்றும் தெரியாமல் போனோம். இலங்கை மலையகத்தில் ஹட்டன், மஸ்கெலியா, பதுளைப் பக்கமிருந்து போகிறவர்கள் அப்படிப் போகக் கூடாது.

கெட்டமின் புது மருந்து இல்லை. 1962இல் செய்தது, 1970இல் அமெரிக்காவில் மயக்க மருந்தாக அனுமதி கிடைத்தது, 1985 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. ஆபரேஷனுக்கு ஒரே தடவையில் கூடுதலாகக் கொடுப்பார்கள். வலிக்கு அதையே குறைந்த அளவில், பம்ப் வைத்து மணிக்கணக்கில் மெதுவாக ஏற்றுவார்கள். நாள்பட்ட வலியில் காயம் ஆறினாலும் முதுகுத்தண்டு நரம்புகள் ஓய்வதில்லை, தோட்டத்தில் காலையில் ஆள் கூட்டுகிற பிரட்டு முடிந்த பிறகும் தப்பு மேளம் நிற்காமல் அடிக்கிற மாதிரி. அந்தச் சத்தம் போகிற வழியில் என்.எம்.டி.ஏ. என்றொரு வாசல் இருக்கிறது, கெட்டமின் அதை அடைக்கிறது.

சரி, எல்லா வலிக்கும் இது ஆகுமா? ஆகாது. 2018இல் அமெரிக்காவின் மூன்று மருத்துவ சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டியில், சீ.ஆர்.பீ.எஸ்.ஸுக்குத்தான் ஓரளவு நல்ல ஆதாரம், அதுவும் 12 வாரம் வரைக்கும்தான் என்று சொல்லியிருக்கிறது. கூடை சுமந்து வருகிற சாதாரண இடுப்பு வலிக்கு ஆதாரம் மிகவும் குறைவு, அதற்காகக் கடன் வாங்கிக்கொண்டு ஓடாதீர்கள். சில இடத்தில் தினம் 4 மணி நேரமாகப் 10 நாள், சில இடத்தில் வாட்டில் வைத்து 4 நாள் தொடர்ந்து ஏற்றுவார்கள். எத்தனை நாள் என்று முதலிலேயே கேளுங்கள், தோட்டத்தில் அத்தனை நாள் பேர், அதாவது நாள் சம்பளம், போகும் இல்லையா.

டொக்டரிடம் எதையும் மறைக்காதீர்கள். பிரஷர் கட்டுப்பாட்டில் இல்லையா, நெஞ்சு வலி வருமா, ஈரல் வருத்தம் இருக்கிறதா, கர்ப்பமா, கசிப்போ சாராயமோ தினமும் உண்டா, தூக்க மாத்திரை, டிராமடோல் என்ற வலி மாத்திரை போடுகிறீர்களா, எல்லாம் சொல்ல வேண்டும். எப்போதாவது இல்லாத குரல் கேட்டு, காத்து கருப்பு என்று கோடாங்கியைக் கூப்பிட்டுப் பார்த்த கதை இருந்தால் அதையும் சொல்லுங்கள். நம் வீடுகளில் வெட்கப்பட்டு அதைத்தான் மறைப்பார்கள், ஆனால் மனநோய் இருந்தவருக்கு இந்த மருந்து அதைக் கிளப்பிவிடலாம்.

வழக்கமாக 6 மணி நேரம் சாப்பாடு கூடாது, 2 மணி நேரம் தண்ணீரும் கூடாது. விடியற்காலை பஸ்ஸில் கண்டிக்குப் போகிறவர்கள் கினிகத்தேனையில் இறங்கிப் பால் தேத்தண்ணி குடித்துவிடுவார்கள். பால் சேர்ந்தால் அது சாப்பாட்டுக் கணக்கு, அன்றைக்கு ஏற்றாமல் திருப்பி அனுப்பிவிடலாம். பிளேன்டீ என்றால் 2 மணி நேரத்துக்கு முன்பு வரை சரி.

மருந்து ஏறும்போது நடப்பதை முன்பே அறிந்திருந்தால் பாதிப் பயம் இல்லை. அம்மா சிங்களம் நன்றாகப் பேசுவார், சந்தையில் பேரமே பேசுவார். முக்கால் மணி நேரம் ஏறிய பிறகு நர்ஸ் வந்து "ரிதெனவத?" (வலிக்கிறதா?) என்று சிங்களத்தில் கேட்க, அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "கட்டிலு நீண்டுக்கிட்டே போகுது, என் காலு எங்கயோ இருக்கு" என்றார். கண் இரண்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தன. உடம்பை விட்டு மிதக்கிற மாதிரி, சத்தம் தூரத்திலிருந்து வருகிற மாதிரி, நேரம் நின்றுபோன மாதிரி இருக்கும். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் தெளியும். ஆனால் அந்த நேரத்தில் கற்றுக்கொண்ட மொழி கைவிட்டுவிடலாம். அதனால் தமிழும் சிங்களமும் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைக்கக் கட்டாயம் அனுமதி கேளுங்கள். வலிக்காத கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு தடவை அழுத்தினால் பரவாயில்லை, இரண்டு தடவை அழுத்தினால் பயமாக இருக்கிறது என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பயந்தால் வேகத்தைக் குறைப்பார்கள், தேவையென்றால் அமைதிப்படுத்த மிடசோலம் கொடுப்பார்கள். வாந்திக்கும் மருந்து உண்டு.

ஈ.சீ.ஜீ., பிரஷர் பார்க்கிற மெஷின், விரலில் மாட்டுகிற ஒட்சிசன் மீட்டர், பக்கத்தில் மயக்க மருந்து தெரிந்த டொக்டர், இவை இல்லாத இடத்தில் ஏற்றவே விடாதீர்கள். டவுனில் யாராவது சின்ன டிஸ்பென்சரியில் ஊசியாகப் போட்டுவிடுகிறேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

அன்றைக்கே தனியாக பஸ் ஏறாதீர்கள். அந்த வளைவுகளில் சும்மா போனாலே குமட்டும். முடிந்தால் கம்பளையிலோ கண்டியிலோ சொந்தக்காரர் வீட்டில் தங்குங்கள். 24 மணி நேரத்துக்கு வண்டி ஓட்டக் கூடாது, தேயிலை வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி தொடக் கூடாது, பத்திரத்தில் கையெழுத்துப் போடக் கூடாது, குடிக்கவும் கூடாது.

வலி குறைந்த நாட்களை வீணாக்காமல் அசையாத கையை அசைக்க வேண்டும். பிசியோதெரபி சொல்லிக் கொடுத்ததோடு, அம்மா ரொட்டிக்கு மா பிசைய ஆரம்பித்தார். முதல் நாள் விரல் நுனியால் தொட்டார், பத்தாம் நாள் உள்ளங்கையால் அமுக்கினார். ஏழாவது வாரம் வலி கொஞ்சம் திரும்பியது, ஆனால் விரல் மடங்குவது திரும்பிப் போகவில்லை.

ஒரு கொப்பியில் தினமும் பத்துக்கு எத்தனை வலி, எத்தனை மணி தூக்கம், கை என்ன செய்தது என்று எழுதுங்கள். மறுபடி ஏற்றலாமா என்று டொக்டர் முடிவெடுக்க அதுதான் உதவும். பல தடவை ஏற்றுகிறவர்கள் ஈரலுக்கு இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டுமா என்று கேளுங்கள். சிறுநீர் அடிக்கடி போனாலோ, எரிந்தாலோ, இரத்தம் கலந்தாலோ அடுத்த கிளினிக் வரை காத்திருக்காமல் உடனே போய்ச் சொல்லுங்கள்.