கல்லீரல் புற்றில் சோர்ந்த டி செல்கள்: மரபணுச் செயல்பாட்டைப் படிக்கும் முறை

கல்லீரல் புற்றுக்கட்டிக்குள் நுழையும், நோயெதிர்ப்புச் செல்களான சிடி8 வகை டி செல்கள், புற்றின் அடையாளப் புரதங்களை நெடுநாள் இடைவிடாமல் எதிர்கொள்வதால், கொல்லும் திறனைச் சிறிது சிறிதாக இழக்கின்றன. இந்நிலையைச் சோர்வு என்கிறோம். ஆனால் சோர்ந்த செல் ஊமைச் செல் அன்று. அதற்குள் சில மரபணுக்கள் மற்ற டி செல்களில் உள்ளதைவிட மிகுதியாகவே இயங்குகின்றன. அவற்றைக் கண்டறிய, ஆர் என்ற கணினி நிரல் மொழியில் ஒரு கோப்பைத் திறக்கத் தெரிந்தால் தொடங்கிவிடலாம்.

முதலில், மரபணுச் செயல்பாட்டுத் தரவுகளைப் பொதுவில் வைத்திருக்கும் ஜிஇஓ (GEO) களஞ்சியத்தில் ஜிஎஸ்இ98638 (GSE98638) என்ற எண்ணைத் தேடுங்கள். பீக்கிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வுக்குரிய இத்தொகுப்பு, 6 நோயாளிகளின் கட்டி, அதையொட்டிய திசு, இரத்தம் ஆகியவற்றிலிருந்து பிரித்த 5,063 டி செல்களைக் கொண்டது. சாதாரண மடிக்கணினியே இதைத் தாங்கும்.

அடுத்து, ஒவ்வொரு செல்லிலும் ஒவ்வொரு மரபணுவின் நகலான ஆர்என்ஏ எவ்வளவு உள்ளது என்று காட்டும் எண்ணிக்கை அட்டவணையை ஆர் மொழியின் சூரட் (Seurat) மென்பொருளில் ஏற்றி, மிகக் குறைவான மரபணுக்களே பதிவான செல்களை நீக்கி, அளவுகளைச் சமப்படுத்துங்கள்.

மூன்றாவதாக, சிடி8ஏ மரபணு இயங்கும் செல்களை மட்டும் தனியே எடுத்துக் குழுக்களாகப் பிரியுங்கள். நோயாளிக்கு ஒரு குழு என்று பிரிந்தால், நீங்கள் காண்பது சோர்வை அன்று, ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டையே. ஹார்மனி (Harmony) போன்ற மென்பொருள் கருவியால் அதைச் சரிசெய்த பிறகே மேற்செல்லுங்கள்.

பெரும்பாலோர் வழுக்கி விழுவது நான்காம் படியில்தான். பிடி-1 புரதத்துக்குரிய பிடிசிடி1 மரபணு மிகுந்திருப்பதை மட்டும் கண்டு சோர்வு என்று முடிவுகட்டக் கூடாது; புதிதாகத் தூண்டப்பட்ட செல்லிலும் அது உயரும். எச்ஏவிசிஆர்2, எல்ஏஜி3, சிடிஎல்ஏ4, டாக்ஸ் ஆகிய மரபணுக்களும் ஒரே குழுவில் சேர்ந்து உயர்ந்துள்ளனவா, டிசிஎஃப்7 மரபணு தாழ்ந்துள்ளதா என்று பாருங்கள். அந்த 2017 ஆய்வு சுட்டிய லேயிலின் மரபணுவையும் சேர்த்துக்கொள்ளலாம். கொல்லும் புரதமான கிரான்சைம் பி-யின் ஆர்என்ஏ இக்குழுவில் மிகுந்திருந்தாலும் குழம்ப வேண்டாம்: ஆர்என்ஏ இருப்பது செல் கொல்கிறது என்பதற்குச் சான்றாகாது.

இறுதியாக, குழுக்களை ஒப்பிடும்போது ஒவ்வொரு செல்லையும் தனிச் சான்றாக எண்ணாமல், நோயாளிவாரியாக எண்ணிக்கைகளைக் கூட்டிய பின் ஒப்பிடுங்கள். செல்கள் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் நோயாளிகள் 6 பேர்தாம். இதை மறந்தால் கிடைக்கும் பி மதிப்புகள் (உண்மையில் வேறுபாடே இல்லாதபோதும் இத்தகைய முடிவு தற்செயலாகக் கிடைக்கும் வாய்ப்பைக் காட்டும் எண்கள்) நம்ப முடியாத அளவுக்குச் சிறியவையாக இருக்கும், அவற்றை நம்பவும் கூடாது.