முதல் டிசி மீட்டிங்: எங்கே சறுக்குகிறோம்?

என் முதல் டிசி மீட்டிங்குக்கு, அதாவது பிஎச்டி ஸ்காலரின் ஆய்வைப் பார்வையிடும் பேராசிரியர் குழுவின் கூட்டத்துக்கு, நான் செய்த ஏற்பாடுகளில் யாரும் குறை சொல்ல முடியாது. மூன்று பேராசிரியர்களுக்கும் ஒத்துவருகிற ஒரு தேதியை ஒன்றரை மாதம் அலைந்து பிடித்தேன். செமினார் ஹால் சாவியை முந்தின நாளே வாங்கி வைத்தேன். சமோசா சூடாக வர வேண்டும் என்று கேண்டீன் அண்ணனிடம் இரண்டு முறை சொல்லிவிட்டு வந்தேன். மொத்தம் 46 ஸ்லைடு. ஒன்பதாவது ஸ்லைடு ஓடும்போது, வெளியிலிருந்து வந்திருந்த உறுப்பினர் கையை உயர்த்தி, "சரிப்பா, நீ எந்தக் கேள்விக்கு பதில் தேடுற?" என்றார். நான் முதல் ஸ்லைடுக்குத் திரும்பிப் போய், அதிலிருந்த தலைப்பை அப்படியே வாசித்தேன். "இது தலைப்பு. கேள்வி என்ன?" என்றார்.

சமோசா நன்றாக இருந்ததாக எல்லாரும் சொன்னார்கள்.

அது நடந்து வருடங்கள் ஓடிவிட்டன. இப்போது மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து சமோசா சாப்பிடுகிற இடத்துக்கு நானே வந்துவிட்டேன். நான் பார்த்த வரையில், முதல் வருட மதிப்பீட்டுக்கு வேலையே செய்யாமல் வந்து மாட்டிக்கொள்கிற ஸ்காலர்கள் குறைவு. செய்த வேலையில் சரிவராத பகுதியை ஒளித்துக்கொண்டு வந்து மாட்டிக்கொள்கிறவர்கள்தான் அதிகம். இங்கே சொல்லப்போகிற தவறுகளில் முக்கால்வாசிக்கு வேர் அதுதான்.

முதலில், அந்த அறையில் உட்கார்ந்திருப்பவர்கள் எதற்காக வந்திருக்கிறார்கள் என்று பார்த்துவிடலாம். பொறியியல் பக்கம் டாக்டோரல் கமிட்டி என்போம், சுருக்கமாக டிசி. யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிமுறைகளில் அதற்குப் பெயர் ஆராய்ச்சி ஆலோசனைக் குழு. ஸ்காலர் ஒவ்வொரு செமஸ்டரும் அதன் முன் வந்து தன் முன்னேற்றத்தைச் சொல்ல வேண்டும். முதல் வருடத்தில் கோர்ஸ்வொர்க்கும் கூடவே ஓடும்: குறைந்தது 12 கிரெடிட், 55 சதவீத மதிப்பெண். ஆய்வுத் திட்டத்தைப் பார்த்துத் தலைப்பை முடிவு செய்வது, ஆய்வு முறையை வகுக்க ஸ்காலருக்கு வழிகாட்டுவது, அவ்வப்போது முன்னேற்றத்தைப் பார்ப்பது, இவைதாம் குழுவின் வேலை என்று அந்த விதிமுறை சொல்கிறது. ஐஐடி போன்ற நிறுவனங்களுக்குத் தனி விதிகள் உண்டு, காம்ப்ரிஹென்சிவ் தேர்வு என்று கூடுதலாக ஒன்றும் வரும். ஆனால் எங்கே போனாலும் முதல் வருடத்தில் முடிவுகளைக் கொண்டுவந்து கொட்டச் சொல்லி யாரும் கேட்பதில்லை. இவர் எதைத் தேடுகிறார், அதைத் தேடத் தெரிந்திருக்கிறதா, அவ்வளவுதான்.

தலைப்பைக் கேள்வி என்று நினைப்பது

என் தலைப்பு ஏறக்குறைய இப்படி இருந்தது: "தருமபுரி மாவட்ட நிலத்தடி நீரில் ஃபுளோரைடை நீக்குதல் – ஓர் ஆய்வு". தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது ஊரறிந்த சங்கதி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதை முன்னிட்டு வந்ததுதான். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீருக்கு வழியே இல்லை என்றால் 1.5 வரை. அதையெல்லாம் 12 ஸ்லைடில் அழகாகச் சொன்னேன். ஆனால் அதில் கேள்வி எங்கே? ஃபுளோரைடைத் தன் பரப்பில் பிடித்துக்கொள்ளும் ஆக்டிவேட்டட் அலுமினாவைப் போட்டால் ஃபுளோரைடு குறையும் என்பது எனக்கு முன்னால் எத்தனையோ பேர் காட்டிவிட்ட விஷயம்.

உங்கள் தலைப்பு கேள்விதானா என்று பார்க்க நான் ஸ்காலர்களிடம் சொல்கிற வழி ஒன்று உண்டு. கடைசியில் ஒரு கேள்விக்குறி போட்டு வாசித்துப் பாருங்கள். "ஓர் ஆய்வு?" என்று அது அந்தரத்தில் தொங்கினால் இன்னும் வேலை இருக்கிறது. என் கேள்வி கடைசியில் இப்படி ஆனது: தண்ணீரில் பைகார்பனேட் அதிகமாக இருக்கும்போது அலுமினாவின் பிடிக்கும் திறன் ஏன் விழுகிறது, எந்த அளவுக்கு மேல் போனால் அது கிராமத்தில் வைத்துப் பயன்படுத்த லாயக்கில்லாமல் போகிறது? இதில் இருக்கிற ஒவ்வொரு சொல்லையும் அளந்து பார்க்கலாம். தப்பாகவும் போகலாம். தப்பாகப் போக இடமே இல்லாத கேள்வியை வைத்துக்கொண்டு ஐந்து வருடம் ஓட்டுவது ரொம்பக் கஷ்டம்.

60 கட்டுரை படித்தேன் என்று காட்டுவது

ஆண்டு, ஆசிரியர், முறை, முடிவு என்று நான்கு பத்தியில் அட்டவணை. எட்டுப் புள்ளி எழுத்தில், ஸ்லைடுக்கு ஆறு கட்டுரை. ஸ்காலர் அதை வாசிக்கத் தொடங்கியதும் கமிட்டி டீ கோப்பையை எடுக்கும். லிட்டரேச்சர் சர்வே என்பது படித்ததற்கான வருகைப்பதிவேடு கிடையாது. உங்கள் கேள்விக்கு நேராக வந்து நிற்கிற நான்கைந்து கட்டுரைகள் எவை, அவை ஒன்றோடொன்று எங்கே முரண்படுகின்றன, அந்த இடைவெளியில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள், இதைச் சொன்னால் போதும். மிச்சத்தை அறிக்கையில் பின்னிணைப்பாக வைத்துக்கொள்ளலாம்.

அறிக்கை என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். முதல் வருட அறிக்கைதானே, யார் பார்க்கப்போகிறார்கள் என்று முன்னுரையை அங்கங்கே வெட்டி ஒட்டுகிறவர்கள் உண்டு. அந்தப் பத்திகள் அப்படியே ஊர்ந்து ஊர்ந்து தீசிஸ் வரை வந்துவிடும். யுஜிசியின் 2018 விதிமுறைப்படி 10 சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போனால் அது தண்டனைக்கு வழியுள்ள விஷயம். ஐந்தாம் வருடத்தில், எதை எங்கிருந்து எடுத்தோம் என்று மறந்துபோன பிறகு உட்கார்ந்து பிரித்து எழுதுவது போன்ற தண்டனை வேறில்லை.

சரிவராத சோதனையை ஒளித்து வைப்பது

இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

அந்த முதல் மீட்டிங்கில் நான் காட்டிய கிராஃப் மிக அழகானது. வாலைவடிநீரில் சோடியம் ஃபுளோரைடைக் கரைத்து, அலுமினாவைப் போட்டு, எலெக்ட்ரோடை வைத்து அளந்தது. வளைவு வழவழவென்று இறங்கும். அதற்கு மூன்று வாரம் முன்னால், பென்னாகரம் பக்கம் ஒரு கைப்பம்பிலிருந்து இரண்டு கேன் தண்ணீர் பிடித்து வந்து அதே சோதனையைச் செய்திருந்தேன். ஃபுளோரைடு பாதிகூட இறங்கவில்லை. மூன்று தடவை செய்தேன், மூன்று தடவையும் அதேதான். என் கைதான் சரியில்லை என்று முடிவு கட்டி, அந்த நோட்டுப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டேன். கைடிடமும் சொல்லவில்லை.

கேள்வி நேரத்தில் இன்னொரு உறுப்பினர், அதுவரை பேசாமல் உட்கார்ந்திருந்த மேடம், "நிஜத் தண்ணில பார்த்தீங்களா?" என்றார். நான் கைடைப் பார்த்தேன். கைடு என்னைப் பார்த்தார். "இனிமேதான் மேடம்" என்றேன். அன்று நான் சொன்ன ஒரே பொய் அதுதான். ஆனால் எனக்கு அதுதான் ஆறு மாதத்தைத் தின்றது. அதைச் சொல்லிவிட்டபடியால், "அடுத்த செமஸ்டரில் இதைத்தான் செய்யப்போகிறேன்" என்று திட்டத்தில் எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஏற்கெனவே செய்து தோற்றதையே புதிதாகச் செய்வது போல நடித்துக்கொண்டிருந்தேன்.

உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இரண்டாவது மீட்டிங்கில் தெரிந்தது. மடித்து வைத்த பக்கத்தை விரித்து, இரண்டு வளைவையும் ஒரே கிராஃபில் போட்டுக் காட்டினேன், ஏன் என்று தெரியவில்லை என்றும் சொன்னேன். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "அந்தத் தண்ணியோட ஆல்கலினிட்டி என்ன? பிஎச் கடைசில எங்க போய் நின்னுச்சு?" என்று கேட்டார். இரண்டையும் நான் அளக்கவில்லை. அடுத்த அரை மணி நேரம் மூன்று பேரும் தங்களுக்குள் விவாதித்துக்கொண்டார்கள், நான் குறிப்பெடுத்தேன். பைகார்பனேட் பிஎச்சை ஏற்றிவிடுகிறது, அலுமினாவின் பரப்பில் இடத்துக்கும் போட்டி போடுகிறது என்று அங்கே வந்த யோசனைதான் பிற்பாடு என் தீசிஸின் மூன்றாவது அத்தியாயம்.

ஆகவே உங்கள் பிபிடியில் "எது சரிவரவில்லை" என்று ஒரு ஸ்லைடு இருக்கட்டும். கடைசியில் ஒளித்து வைக்காமல் நடுவில் வையுங்கள். கமிட்டியில் இருப்பவர்கள் எல்லாரும் பழுதுபார்ப்பதில் ஆர்வமுள்ளவர்கள். ஓடாத வண்டியைக் காட்டினால் சட்டையை மடித்துக்கொண்டு இறங்குவார்கள். நன்றாக ஓடுகிற வண்டியைக் காட்டினால், எங்கே சத்தம் வருகிறது என்று தட்டிப் பார்ப்பார்கள்.

கைடுக்கும் புதுச் செய்தியாக இருப்பது

மீட்டிங்குக்கு முந்தின இரவு 11 மணிக்குக் கைடுக்கு பிபிடியை அனுப்பாதீர்கள். அவர் திறக்கக்கூட மாட்டார். கமிட்டி முன்னால் கைடு "இது எப்போ பண்ணே?" என்று கேட்டால், அதற்கப்புறம் எத்தனை நல்ல கிராஃப் காட்டினாலும் காற்று இறங்கிய பலூன்தான். ஒரு வாரம் முன்பே கொடுங்கள். சார் பிஸி என்றால் அச்செடுத்து மேசையில் வைத்துவிட்டு, மறுநாள் போய் நில்லுங்கள். மூத்த ஸ்காலர்கள் முன்னால் ஒருமுறை பேசிப் பார்ப்பதும் நல்லது. அதிலும் உங்கள் துறையே இல்லாத ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது, எங்கே புரியவில்லை என்று அவர்தான் முகத்துக்கு நேராகச் சொல்வார்.

"தெரியாது" என்று சொல்லவும் பழகிக்கொள்ளுங்கள். "தெரியவில்லை சார், கண்டுபிடிக்க இப்படிச் செய்து பார்ப்பேன்" என்பது நல்ல பதில். தெரியாததைத் தெரிந்தது போல் இழுக்க ஆரம்பித்தால் அடுத்த மூன்று கேள்விகளும் அங்கேயே விழும்.

தேதியைத் தள்ளிக்கொண்டே போவது

இன்னும் ஒரு மாதம் கிடைத்தால் ஒரு நல்ல ரிசல்ட் வந்துவிடும் என்று தோன்றும். வராது. வந்தாலும் அதற்குள் ஓர் உறுப்பினர் வெளிநாடு போயிருப்பார், இன்னொருவருக்குத் தேர்வுத்தாள் திருத்தும் வேலை வந்திருக்கும். ஃபெலோஷிப் வாங்குகிறவர்களுக்கு இதில் பண விவகாரமும் உண்டு. ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து எஸ்ஆர்எஃப் (முதுநிலை) ஆகும்போது 42,000. அந்த மாற்றத்துக்கும் ஒரு மதிப்பீடு உண்டு. அன்றைக்கு எடுத்துக்காட்டப் பழைய டிசி மினிட்ஸ் (கூட்டக் குறிப்பு) கையில் இல்லாமல் ஆபீஸ் ஆபீஸாக ஓடியவர்களை எனக்குத் தெரியும். நிஜமாகவே உடம்பு சரியில்லை, குழந்தை பிறக்கப்போகிறது என்றால் விஷயம் வேறு. தள்ளிப்போட்டுக் கொண்டிருக்காமல் எழுதிக் கொடுத்து விடுப்பு எடுங்கள். பெண் ஸ்காலர்களுக்கு மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பாக 240 நாள் வரை யுஜிசி விதியிலேயே இருக்கிறது.

தள்ளிப்போடுவதற்குப் பின்னால் இருக்கிற பயம் பெரும்பாலும் ஒன்றுதான்: "ரிஜிஸ்ட்ரேஷனை கேன்சல் பண்ணிடுவாங்களோ?" அதே 2022 விதி என்ன சொல்கிறது என்று பாருங்கள். முன்னேற்றம் திருப்தியில்லை என்றால் குழு முதலில் காரணத்தைப் பதிவு செய்து, சரிசெய்ய வழி சொல்ல வேண்டும். அதையும் ஸ்காலர் செய்யத் தவறினால்தான், குறிப்பான காரணங்களோடு ரத்து செய்யப் பரிந்துரைக்கலாம். ஒரே மீட்டிங்கில் தலை போகாது. இங்கிலாந்துக்குப் போகிற நம் பிள்ளைகளுக்கும் ஏறக்குறைய இதே கதைதான். அங்கே பல பல்கலைக்கழகங்களில் முதலில் எம்ஃபில் மாணவராகவோ தகுதிகாண் மாணவராகவோதான் பதிவு செய்வார்கள். முதல் வருடத்தையொட்டி ஒரு மதிப்பீட்டைத் தாண்டிய பிறகே முழு ஆய்வு மாணவர். ஆக்ஸ்ஃபோர்டில் அதற்குக் கைடு அல்லாத இரண்டு பேர் உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள், முதல் தடவை சரிவராவிட்டால் இன்னொரு வாய்ப்பும் தருவார்கள். "தேறவில்லை, திருத்திக்கொண்டு மறுபடி வா" என்பதைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்குக்கூடச் சொல்லாமல் அறைக்குள் முடங்குவதுதான் அங்கே நடக்கிற பெரிய தவறு.

மினிட்ஸைக் கண்டுகொள்ளாமல் விடுவது

மீட்டிங் முடிந்ததும் ஸ்காலருக்கு இருக்கிற நிம்மதியில், காலித் தட்டுகளைக்கூட எடுக்காமல் ஹாஸ்டலுக்கு ஓடிப்போய்ப் படுத்துவிடுவார். பேசியதெல்லாம் அந்த அறையின் ஃபேன் காற்றோடு போய்விடும். ஆறு மாதம் கழித்து ஓர் உறுப்பினர், "போன தடவை மண் மாதிரியும் எடுக்கச் சொன்னேனே?" என்பார். அவர் சொன்னாரா, சும்மா யோசனையாகச் சொன்னாரா, கைடு அப்போதே வேண்டாம் என்றாரா, யாருக்கும் ஞாபகம் இருக்காது. எழுத்தில் இல்லாதபோது மூத்தவர் ஞாபகம்தான் ஜெயிக்கும்.

அன்று மாலையே உட்காருங்கள். பக்கத்தில் ஒரு நண்பரை உட்கார வைத்துக் குறிப்பெடுக்கச் சொல்லியிருந்தால் இன்னும் சுலபம், நின்று பதில் சொல்கிறவருக்குக் கேள்வி பாதிதான் காதில் விழும். யார் என்ன சொன்னார், செய்வதா வேண்டாமா, எப்போதுக்குள் என்று மூன்று பத்தியில் ஓர் அட்டவணை. ஒரு பக்கம் தாண்ட வேண்டாம். அதைக் கைடிடம் காட்டி, அவர் அடித்துத் திருத்திய பிறகு எல்லா உறுப்பினர்களுக்கும் மின்னஞ்சலில் அனுப்பி, கையெழுத்தான பிரதி ஒன்றை உங்கள் ஃபைலில் போட்டு வையுங்கள். அடுத்த மீட்டிங்கில் முதல் ஸ்லைடாக அதே அட்டவணையைப் போட்டு, செய்தவற்றுக்கு எதிரே டிக் அடித்துக் காட்டலாம்.